பதினெட்டு சென்டிமீட்டர்

குழாய் பதினெட்டு சென்டிமீட்டரில் நின்றுவிட்டது.
"முப்பது வேண்டும்" என்கிறான்
மொந்தெவிதேயோவிலிருந்து வந்திருக்கும் பையன்.
"கீழே பாறை" என்கிறாள் எல்பியா இரிகோசென்.
"படிவத்தில் முப்பது என்று இருக்கிறதே."
"பாறைக்குப் படிக்கத் தெரியாது."

இன்னும் ஒருமுறை சம்மட்டியால் அடித்துப் பார்க்கிறான்.
எஃகு கல்லில் பட்டுக் கணீரென்கிறது.
தூரத்தில் மாடுகள் தலை தூக்கிப் பார்த்துவிட்டு
வேலைக்குத் திரும்புகின்றன.

உருகுவேயின் வடக்கு மேடு இது.
என்றோ நெருப்பாய் ஓடி இறுகிய கருங்கல்லின் மேல்
குளிருக்குப் போதாத போர்வைபோலக்
கொஞ்சம் மண்.

ஏழு வருடம் முன்புவரை ஒரே வெளி.
நான்கு ஓரமும் வேலி, நடுவில் மாடுகளின் விருப்பம்.
பிடித்த புல்லைத் தேடிக் கடித்தன.
அது ஒரு விரற்கடை தளிர்ப்பதற்குள்
மறுபடி அதையே கடித்தன.
தொடாமல் விட்ட முட்செடி கொழுத்தது.
நல்ல புல் நின்ற இடங்களில்
உச்சந்தலை வழுக்கையாய் மண் தெரிந்தது.
பெய்த மழை நிற்காமல்
சேற்று நிறத்தில் ஓடைக்கு ஓடியது.

தம்பி நெரீ போனில் சொன்னான்:
"மாட்டை விற்றுவிடு. யூக்கலிப்டஸ் கம்பெனிக்காரன்
மாதம் பிறந்தால் வாடகை தருவான்."
அவள் பேட்டரி ஒன்றும்
ஒற்றைக் கம்பிச் சுருள்கள் சிலவும் வாங்கி வந்தாள்.

நிலம் இருபத்தெட்டுத் துண்டானது.
ஒன்றில் இரண்டு நாள்; பிறகு கம்பியைத் தூக்கி
அடுத்ததற்கு மாற்றுவாள்.
ஐம்பத்து நான்கு நாள் புல்லுக்கு விடுப்பு.

மேலே கடிபட்ட புல்
கீழே தன் வேரில் கொஞ்சத்தைக் கைவிடுகிறது.
விட்டது கறுத்து மட்கிப் பூஞ்சைக்குச் சோறாகி
மண்ணோடு மண்ணாகிறது.
அவகாசம் கிடைத்தால் புது வேர் விடும்.
கிடைக்காவிட்டால்
முதலையே தின்று முடிந்துபோகும்.
சேமிப்பு என்று பையன் எழுதிக்கொள்வது இதைத்தான்:
செத்த வேர்களின் கணக்கு.

மூன்றாம் கோடையில் மழை பொய்த்தது.
புல் தீரும்வரை பக்கத்துப் பண்ணைக்காரர் காத்திருந்தார்.
எல்பியா புல் இருக்கும்போதே
தொண்ணூறு மாடுகளை விற்றாள்.
லாரிக்குப் பின்னால் குதிரையில்
பாலம்வரை போனாள்.
ஏன் போனோம் என்று திரும்பும்போது யோசித்தாள்.
பதில் இல்லை. வெயில்தான் இருந்தது.

கரி என்றால் என் மொழியில்
அடுப்பில் எஞ்சுவது; யானை;
பழைய ஏடுகளில் சாட்சி.
அவளுக்கு இது தெரியாது.
அவள் மொழியில் ஒரே பொருள், அதற்கு ஒரு விலை.

முதல் அறிக்கை போன மே மாதம் வந்தது.
பதினொரு துண்டில் கூடியிருக்கிறது.
ஒன்பதில் மாற்றமில்லை.
எட்டில் கல் தட்டியதால் கணக்கில் இல்லை.
தரகு போக வந்த பணத்துக்கு
புதுப் பேட்டரி ஒன்று, கம்பி இரண்டு சுருள்.
நெரீ சிரித்த சிரிப்பில்
போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள்.

ஒப்பந்தம் இருபத்தைந்து ஆண்டுக்கு.
சேர்த்ததை அதுவரை காற்றுக்குத் திருப்பிவிடக்கூடாதாம்.
அவளுக்கு அறுபத்து மூன்று.
எண்பத்தெட்டாம் வயதில் கம்பியை மாற்றுவது யார்?
'பொறுப்பேற்பவர்' என்ற கட்டத்தில்
நெரீயின் பெயரை எழுதி அடித்து
மறுபடி எழுதியிருக்கிறாள்.
அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

பையன் மண்ணுருளையைத் தட்டில் கிடத்துகிறான்.
மேல் பாதி ஈரம், அடுப்புக்கரி நிறம்.
நடுவே மண்புழு ஒன்று, எஃகு வெட்டியதில் அரையாகி
இன்னும் நெளிகிறது.
"மன்னித்துவிடு" என்கிறான்.
அவளிடமா, புழுவிடமா தெரியவில்லை.

ஆழம் என்ற இடத்தில் 18 என்று எழுதுகிறான்.
கொஞ்சம் தயங்கி,
படிவத்தில் இடமில்லாத ஓரத்தில்,
கீழே பாறை.

மணி ஐந்து.
கம்பியருகே மாடுகள் வந்து நிற்கின்றன,
கூப்பிடாமலே.
கையுறையைக் கடித்து இழுத்துக்கொண்டு அவள் நடக்கிறாள்.
அந்தப் பக்கம் புல்
முழங்காலுக்கு மேல்.